அப்பாவுக்கென்று வந்த ஐஸ்

படாளம்,
அக்டோபர் மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்.

அன்பு மகன் ஆல்வினுக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தங்கை சிநேகாவும் மாப்பிள்ளையும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க வேண்டும் என்று காலை ஆராதனையில் முழங்கால் போட்டுக் கேட்டுவிட்டு வந்து இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். மே மாசம் நீ கிளம்பிப் போனதிலிருந்து என் போனை எடுப்பதில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீலக் குறி விழுகிறது, பதில் மட்டும் இல்லை. கேட்கிறாய் என்று தெரிகிறது, அதுவரைக்கும் சந்தோஷம். சிநேகாவிடம் பேசும்போது அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லையாமே, அவள் மறைக்கத்தான் பார்க்கிறாள், அவளுக்குப் பொய் சொல்ல வராது. அதனால்தான் இந்தக் கடுதாசி. நம் சபைப் பெண் பிரிசில்லா கனடாவில் நீ இருக்கிற ஊருக்கே நர்சு வேலைக்குப் போகிறாள், அவள் பெட்டியில் வைத்து அனுப்புகிறேன். கூடப் படித்த பிள்ளை கை நீட்டிக் கொடுத்தால் நீ வாங்காமல் இருக்க மாட்டாய். மன்னிப்புக் கேட்டு எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ என்னோடு மறுபடி பேச வேண்டும், எனக்கு வேண்டியது அது ஒன்றுதான், அதற்கு என்ன எழுத வேண்டுமோ அதை எழுதப் பார்க்கிறேன்.

முதலில் நல்ல சேதி. சிநேகாவுக்கு இது ஆறாம் மாசம், கல்பாக்கத்தில் அவர்கள் குவார்ட்டர்ஸ் மாடி ஏற முடியாமல் கால் வீங்குகிறது என்று இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன், மாப்பிள்ளை இங்கிருந்தே வேலைக்குப் போய் வருகிறார். புளிப்பு கேட்கிறாள், காரம் கேட்கிறாள், மீன் என்றால் மட்டும் வாசலுக்கு ஓடுகிறாள். மழை இரண்டு தரம் நன்றாகப் பெய்து ஏரியில் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறது. கோழிக் கொட்டகையில் இப்போது குஞ்சு இறங்கியிருக்கிறது, நான்தான் பார்க்கிறேன். அப்பாவுக்குப் பிறகு இந்த வேலையை விட்டுவிடுவேன் என்று ஊரில் எல்லாரும் நினைத்தார்கள், விட்டுவிட்டு எங்கே போவது. உன் தாத்தா காலத்தில் ஊரான் நிலத்தில் கரும்பு வெட்டின குடும்பம், அப்பாவும் பாதி வயசு வரைக்கும் வெட்டினவர், நாம் சொந்தமாகப் பார்த்த மண் இந்தக் கொட்டகை நிற்கிற மண் ஒன்றுதான். குஞ்சு கொடுக்கிற கம்பெனியின் சூப்பர்வைசர் ஹரிகிருஷ்ணன் வந்து, இன்னாம்மா தனியா சமாளிப்பியா, பேஜாரா பூடும் என்றார். பூடாது சார், குஞ்சை இறக்குங்க என்றேன். கூரைக்கு மேலே வெள்ளைச் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடித்தாயிற்று, மேற்குப் பக்கம் அகத்தியும் முருங்கையும் நட்டிருக்கிறேன், அடுத்த கத்திரிக்குள் நிழல் விழுந்துவிடும்.

இனி அந்த நாளைப் பற்றி. நீ வந்து நின்ற நாலு நாளில் பாப்பா அத்தை உனக்குச் சொன்னது எல்லாம் எனக்குத் தெரியும். அண்ணன் பொணத்து மேல வைக்க வந்த ஐஸை எடுத்துக் கோழிக்குப் போட்டா, தலைமாட்டுல குந்தாம கொட்டாய்க்கு ஓடிப் பூட்டா, புள்ள வர்ற வரைக்கும் வைக்காம புதைச்சுட்டா. இதைத்தானே சொன்னாள். அதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. அவள் பாசம் அது, கூடப்பிறந்த அண்ணன், அவள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. ஆனால் நடந்தது எப்படி என்று நான் சொல்லி நீ கேட்கவில்லை. போகிற அன்றைக்கு வாசலில் நின்று சொல்லலாம் என்று பார்த்தேன், நீ பெட்டியைத் தூக்கிக்கொண்டு கார் பக்கம் போய்விட்டாய்.

உனக்குக் கோழி வளர்ப்பு தெரியாது, உன்னைப் படிக்க வைத்ததே தெரியக் கூடாது என்றுதான். அதனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோழிக்கு வேர்க்காது கண்ணு. நமக்கு வெயில் ஏறினால் வேர்த்து ஆறும், அதற்கு வாயைத் திறந்து இளைக்கத்தான் தெரியும். இளைப்பு மேலே மேலே ஏறி, இறக்கையைத் தூக்கி விரித்துக்கொண்டு, கழுத்தை நீட்டி, அப்படியே சாய்ந்துவிடும். நன்றாகத் தின்று கனத்த கோழிதான் முதலில் போகும். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் நாம் ஒரு பேட்ச் பாதி இழந்தோமே, நீ அப்போது அங்கே போய்ச் சேர்ந்த புதிது, உனக்குச் சொல்லவில்லை. அன்றைக்குக் காற்றே இல்லை. இந்தப் பக்கத்தில் மத்தியானம் தாண்டினால் மாமல்லபுரம் பக்கமிருந்து கடல் காற்று வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு எல்லாரும் வெயிலைப் பொறுத்துக்கொள்கிறவர்கள்தான். காற்று வரும் வரும் என்று பார்த்து, வராமல் போகவே, அப்பா சுற்றிலும் கோணிப்பையை நனைத்துக் கட்டினார், உள்ளே தண்ணீர் பீச்சினார். நல்லது செய்கிறோம் என்றுதான் செய்தார். கரண்டு இல்லாமல் ஃபேன் நின்றுபோய், ஈரம் உள்ளேயே நின்று, வெந்நீர்ப் பானைக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிட்டது. வெயிலில் சாகாத கோழி அந்தப் புழுக்கத்தில் செத்தது. அதற்குப் பிறகுதான் ஜெனரேட்டர் வாங்கினார். காத்து இல்லாத ஈரம் விஷம் ரெபேக்கா, ஃபேன் ஓடலன்னா ஒரு சொட்டு தண்ணி பீச்சாதே என்று எனக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் ஆக்கினார். தீவனத்தைக் காலை வெயில் ஏறுவதற்கு முன்னே மேலே தூக்கிக் கட்டிவிட வேண்டும், சாயந்திரம்தான் இறக்க வேண்டும், நடுவில் குடிக்கத் தண்ணீர் மட்டும் ஜில்லென்று இருக்க வேண்டும், மெதுவாக உள்ளே நடந்து உட்கார்ந்த கோழியை எழுப்பிவிட வேண்டும், எழுந்தால்தான் வயிற்றுக்கு அடியில் இருக்கிற சூடு போகும். அப்படி நடந்துகொண்டிருந்தபோதுதான் இந்த மே மாசம், அந்த வியாழக்கிழமை மத்தியானம், அப்பா கொட்டகைக்குள்ளேயே சாய்ந்தார். தலையில் ஈரத் துண்டு அப்படியே இருந்தது. நான் கஞ்சி கொண்டு போனபோது கோழியெல்லாம் அவரைச் சுற்றி விலகி நின்றுகொண்டிருந்தது. ஆட்டோவில் ஏற்றும்போதே எனக்குத் தெரியும், இருந்தும் ஆஸ்பத்திரி வரைக்கும் விசிறிக்கொண்டே போனேன்.

உனக்குப் போன் போட்டேன். நீ அழுது, நான் வர்ற வரைக்கும் அப்பாவ வெச்சிருங்கம்மா, சனிக்கிழமை விடியக்காலம் வந்துடுவேன் என்றாய். சரி கண்ணு என்றேன். அன்றைக்கு அந்த வார்த்தையை மனசோடுதான் சொன்னேன். சாயந்திரமே ஃப்ரீசர் பெட்டி வந்தது, கரண்டு இருந்தது, அவர் முகம் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையில் ஊர் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்துபோயிற்று. வெயில் தாங்காமல் எல்லா வீட்டிலும் ஏசி, அது எத்தனை நாள் தாங்கும். லைன்மேன் வந்து பார்த்து, காயில் போச்சு, வேற கொண்டாந்து மாட்டணும், இன்னிக்கு ஆவாது என்றுவிட்டார். பெட்டி நின்றுபோயிற்று. வாடகைக்கு ஜெனரேட்டர் தேடினார்கள், மதுராந்தகம் வரைக்கும் போய்ப் பார்த்தார்கள், கல்யாண சீசன், ஒன்றும் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரி பிணவறையில் கொண்டுபோய் வைக்கலாம் என்று ஒருத்தர் சொன்னார், பாப்பா அத்தை கேட்டுவிட்டுத் தரையில் விழுந்து புரண்டாள், எங்க அண்ணன அங்க அனாதையா போடறதா என்று. அப்போது யாரோ கொட்டகை ஜெனரேட்டரை ஞாபகப்படுத்தினார்கள். உடனே நாலு பேர் ராமதாஸ் மாமாவின் டாடா ஏஸை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் என்னைக் கேட்கவில்லை. செத்தவர் பெண்டாட்டியை எதற்குக் கேட்க வேண்டும், அவள் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும், அவ்வளவுதானே.

நான் எழுந்தேன். கண்ணு, நம் தெருவில் பிணத்தை எடுக்கிற வரைக்கும் பெண்டாட்டி தலைமாட்டை விட்டு எழுந்ததாக நான் கேட்டது கிடையாது. தண்ணீர் குடிக்கக்கூட யாராவது கொண்டுவந்து கொடுப்பார்கள். நான் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு மாப்பிள்ளை வண்டியில் பின்னால் உட்கார்ந்து கொட்டகைக்குப் போனேன். ஜெனரேட்டர் முன்னால் நின்றுகொண்டேன். கோழிக்கு வயசு முடிகிற சமயம், சனிக்கிழமை லோடு ஏற்ற வண்டி வரப்போகிறது, ஒவ்வொன்றும் அவ்வளவு கனம். ஃபேனை நிறுத்தினால் மத்தியானம் தாங்காது. தண்ணி பீச்சி வுட்டா தாங்கிக்கும் அக்கா, இன்னா இப்போ என்று ராமதாஸ் மாமா சொன்னார். அவருக்கு மீன் வியாபாரம் தெரியும், இது தெரியாது. பெட்டியை இங்கேயே கொண்டு வந்து வையுங்கள், ஒரே ஜெனரேட்டரில் இரண்டும் ஓடும் என்றேன். எல்லாரும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். கோழிக்கொட்டாயில பொணத்த வைக்கிறதா, இன்னா பேச்சு பேசற அக்கா என்று மாமா தலையில் கை வைத்துக்கொண்டார். அவருக்கு அந்த இடம் பிடிக்காமலா போகும், உயிர் போனதே அங்கேதானே என்றேன். யாரும் கேட்கவில்லை. நானும் நகரவில்லை. கடைசியில், சரி நான் கடற்கரைக்குப் போய் ஐஸ் கட்டி பார் பாரா கொண்டாரேன் என்று மாமா வண்டியைத் திருப்பினார். அந்த வெயிலில் சதுரங்கப்பட்டினம் வரைக்கும் போய் மீனுக்கு வைக்கிற ஐஸ் பாரை உமி போட்டுக் கோணி சுற்றிக் கொண்டு வந்தாரே, அந்த மனுஷன் நல்லவர், அவரை நீ எதுவும் சொல்லாதே.

திரும்பி வரும் வழியில் கொட்டகை வாசலில் நிறுத்திச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று இறங்கினார். நான் அப்போதுதான் தண்ணீர்த் தொட்டியில் கையை விட்டுப் பார்த்திருந்தேன். மேலே கறுப்புத் தொட்டி, குளிக்கிற வெந்நீர் மாதிரி கொதிக்கிறது. ஃபேன் ஓடியும் கோழி இளைக்கிறது, குழாயில் வாயை வைத்துவிட்டு எடுத்துவிடுகிறது, சூட்டுத் தண்ணீரைக் குடிக்காது. மூலையில் இருந்தது பத்துப் பதினைந்து சாய்ந்துவிட்டது. நான் யாரையும் கேட்கவில்லை. வண்டியில் ஏறி இரண்டு பாரைத் தள்ளி, கடப்பாரையால் உடைத்து, தொட்டியில் போட்டேன். அப்பாவுக்கு என்று வந்த ஐஸ்தான். தெரிந்துதான் எடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாகக் கோழி குழாய்க்கு வந்தது. குடித்துவிட்டுக் கழுத்தைத் தூக்கும், திரும்பக் குடிக்கும். அதைப் பார்த்துக்கொண்டு நின்றபோதுதான் அவர் போனதற்கு எனக்கு முதல் தரம் வாய்விட்டு அழுகை வந்தது. இதையெல்லாம் காட்ட அவர் இல்லையே என்று. நாளைக்குக் கறியாகப் போற கோழிக்கு இன்னா அண்ணி இவ்ளோ பாடு என்று பாப்பா அத்தை பிறகு கேட்டாள். கறியாகத்தான் போயிற்று, சனிக்கிழமை இரவு எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். சாகிறதுக்குத்தான் வளர்க்கிறோம், அதற்காக மூச்சு முட்டிச் சாகிறதை நின்று வேடிக்கை பார்க்க என்னால் ஆகாது. அவராலும் ஆகாது, அப்படிப் பார்க்க முடியாமல்தானே அவர் போனார்.

இதுவரைக்கும் உனக்குத் தெரிந்ததுதான். தெரியாததை இப்போது எழுதுகிறேன், சிநேகாவுக்கும் தெரியாது. மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்தேன். மிச்ச ஐஸை அவரைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள், கரைந்து தரையெல்லாம் தண்ணீர். அந்த இரண்டு பாரையும் சேர்த்து வைத்திருந்தாலும் அந்த வெயிலில் நிற்காது, அதை நான் உறுதியாகச் சொல்வேன், ஆனாலும் அதை நினைக்காமல் ஒரு நாளும் தூங்கினது இல்லை. ஈரத்தைத் துடைக்கலாம் என்று முகத்துத் துணியை நான் மட்டும் விலக்கிப் பார்த்தேன். கண்ணு, அது உன் அப்பா முகம் இல்லை. உதடும் காதும் கறுத்து, கன்னம் உப்பி, மூக்கோரம் பஞ்சு நனைந்து, எனக்கே ஒரு நிமிஷம் யாரோ என்று ஆகிவிட்டது. துணியை மூடிவிட்டேன். ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கிறது, இன்னும் கொஞ்ச நேரத்தில் கடைசியாக முகம் பார்க்கிறோம் என்று ஒவ்வொருத்தராக வருவார்கள், விடிந்தால் நீ வருவாய், பெட்டி மேல் விழுந்து அந்த முகத்தைப் பார்ப்பாய். போதகர் ஐயாவை உள்ளே கூப்பிட்டு, இருட்டுவதற்குள் எடுத்துவிடலாம் ஐயா என்றேன். ஏன் என்று எல்லாரும் சத்தம் போட்டார்கள். முகம் கெட்டுவிட்டது என்று சொல்லியிருந்தால் எல்லாரும் அதைத்தான் பேசியிருப்பார்கள், உன் காதுக்கும் அதுதான் வந்திருக்கும், வாழ்நாள் முழுக்க அப்பா என்றால் உனக்கு அதுதான் ஞாபகம் வரும். அதனால் கூட்டத்துக்கு நடுவில் நின்று, நாளைக்குக் கோழி லோடு ஏற்ற வண்டி வருது, எனக்கு வேலை கீது, இன்னிக்கே முடிச்சிடுங்க என்றேன். காறித் துப்பாத குறைதான். யாருக்கும் முகத்துணியை விலக்கத் தோன்றவில்லை, எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அதுதான் எனக்கு வேண்டியிருந்தது.

நீ சனிக்கிழமை காலையில் வந்து ஈர மண்ணு மேட்டில் மாலையைப் பார்த்தாய். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், அப்பா மூஞ்சி எப்டிம்மா இருந்துச்சு என்று. தூங்கற மாதிரி இருந்தாருப்பா என்றேன். தூங்கற மாதிரி இருந்தவர ஏம்மா எனக்குக் காட்டாம புதைச்சீங்க என்று கேட்டாய். இருந்த பதிலைச் சொல்லக் கூடாது என்று நின்றேன். அன்றைக்குப் பேச்சை நிறுத்தினாய், இன்றைக்கு வரைக்கும் நிறுத்தியிருக்கிறாய். இதைச் சொல்லாமலே செத்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அப்பாவும் இல்லாமல், நீயும் பேசாமல், இந்த வீட்டில் என்னால் முடியவில்லை ஆல்வின். அதனால் பாதியைச் சொல்லிவிட்டேன், அதற்கே என்னை மன்னிக்க வேண்டியது நீதான். நான் பார்த்ததில் எழுதாமல் விட்டதும் இருக்கிறது, அதைக் கேட்காதே. அந்த முகம் என்னோடு போகட்டும். நீ போன கிறிஸ்துமசுக்கு வீடியோவில் பார்த்து, என்னப்பா தாடி வளத்துகினு கீற என்று கேலி பண்ணினாயே, அப்போது பார்த்த முகத்தை வைத்துக்கொள், அதுதான் உன் அப்பா.

வேறு என்ன எழுதுவது. பனி நாளில் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே, வேலைக் கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே, பிரிசில்லாவுக்கு அந்த ஊர் புதிது, பஸ் எங்கே ஏற வேண்டும் என்று காட்டிக்கொடு. தங்கைக்குப் பிரசவம் தை மாசத்தில் இருக்கும், மாமன் சீர் என்று ஒன்றும் அனுப்ப வேண்டாம், நீ வந்தால் போதும். கல்லறைத் திருநாளைக்கு அப்பா மேட்டில் உன் பேரைச் சொல்லி ஒரு மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன். கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன் போக்கையும் வரவையும் காப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே, காலையில் ஒன்பது மணிக்கு மேல் நான் கொட்டகைக்குள் இருப்பேன், ஃபேன் சத்தத்தில் போன் கேட்காது, அதற்கு முன்னே கூப்பிடு. என்ன பேசுவது என்று தெரியாவிட்டால் திட்டு. தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு இருப்பேன், உன் குரல் வந்தால் போதும் எனக்கு.

இப்படிக்கு,
உன் அம்மா
ரெபேக்காள் கிருபாகரன்